வெள்ளிக்கிழமைகளில் விழும் முள்

செப்டம்பர் 5, வியாழன்

குழாயின் முனையில் மாட்டும் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்தேன். விசையை அழுத்தினால் தண்ணீர் ஊசி போலப் பாய்கிறது. வண்டி துடைக்க வரும் ரங்கன் இதுவரை வாளியும் துணியும் வைத்துக்கொண்டு காரைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கழுவுவது என்பது வேறு. இன்று பானெட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜினின் இடுக்குகளில் எல்லாம் அடிக்க வைத்தேன்.

"இம்புட்டு வேகமா அடிக்கலாமுங்களாம்மா?" என்றான்.

"அழுக்கு மட்டும் மெதுவாவா சேருது? அந்த மூலையில அடி."

வியாழன் மாலை இன்ஜினைத் துடைத்துக் கழுவுவது நஞ்சப்பன் ஏற்படுத்திய வழக்கம். வெள்ளிக்கிழமை சந்தனப் பொட்டு வாங்கும் வண்டி உள்ளும் புறமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். அவருடைய அம்பாசிடரின் இன்ஜின் மேல் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். நான் கணவர் பெயரை இப்படிப் பட்டென்று எழுதுவதும் சொல்வதும் பக்கத்து வீட்டு வசந்தாமணிக்கு வருத்தம். பெயர் என்பது சொல்வதற்கே என்று ஊட்டி கான்வென்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த அம்பாசிடரின் ஸ்டியரிங்கைத் தொட அவர் என்னை விட்டதே இல்லை. அவர் போன பிறகுதான் ஓட்டக் கற்றேன். இந்தத் தானியங்கி கியர் வண்டியை வாங்கி ஐந்து வருடமாகிறது. கழுவும் வழக்கத்தை மட்டும் தொடர்கிறேன். பாசத்தால் அல்ல. சுத்தத்துக்காக.

செப்டம்பர் 6, வெள்ளி

வழக்கம்போல் மருதமலைக்கு வசந்தாமணியுடன் போனேன். என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் மறந்துவிடுவேனோ என்று அடிக்கடி சொல்லுவாள்.

மலைப்பாதை வளைவில், இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வண்டி இழுக்கவில்லை. ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இரைந்தது. ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஹாரன்கள். ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டி, "பாட்டி, ஓரங்கட்டுங்க பாட்டி!" என்றான். அவனுக்கே ஐம்பது இருக்கும்.

ஓரமாக நிறுத்தி அணைத்தேன். சற்றுப் பொறுத்துக் கிளப்பினேன். முள் எழுந்தது. வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறியது.

"ஏனுங்க்கா, எதையாச்சும் மாத்தி மிதிச்சிட்டீங்களா?" என்றாள் வசந்தாமணி.

பஞ்சாமிர்தம் முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மேல்மாவு வெடிக்காமல் வந்தது. பத்து மணிக்கு முன்பே பெங்களூரிலிருந்து தியாகுவின் போன்.

"வசந்தாமணி அத்தை சொன்னாங்க."

"அவளுக்கு வேற வேலை இல்லை."

"அம்மா, பேச்சை மாத்தாதீங்க. ஒண்ணு வண்டில கோளாறு இருக்கோணும், இல்லாட்டி உங்ககிட்ட இருக்கோணும். வண்டின்னா ரிப்பேர் பண்ணிக்கலாம். உங்ககிட்டன்னா வித்துப்போட்டு இங்க வந்துருங்க. ஆயுத பூஜைக்கு வர்றேன். அன்னைக்கு முடிவு பண்ணிரலாம்."

நான் பெற்ற பிள்ளை. தர்க்கம் பிசகவில்லை. அதுதான் எரிச்சல்.

"உங்க ரூம்ல இருந்து பார்த்தா ஏரி தெரியும்மா" என்று வேறு சொன்னான். பார்த்துக்கொண்டே இருப்பதற்கு நான் சுவரில் மாட்டிய படம் அல்ல.

செப்டம்பர் 9, திங்கள்

காரை வாங்கிய இடத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞன் ஒருவன். வழியெல்லாம் வண்டி நன்றாக ஓடியது. இருந்தாலும் கணினியை மாட்டிப் பார்த்ததும் பழைய தவறு ஒன்று பதிவாகி இருந்தது.

"எஞ்சின் ஸ்பீட் சென்சார் மேம்."

"அது என்ன வேலை செய்யுது?"

அவனிடம் இதற்கு முன் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கியர்ப்பெட்டியின் கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால், எந்தக் கியரைப் போடுவது என்று கியர்ப்பெட்டிக்குத் தெரியாது. உடனே மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

"சேஃப்டிக்காக மேம்."

பயந்துபோய் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பவர்கள் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

புது சென்சார் மாட்டினார்கள். தியாகுவுக்குத் தகவல் அனுப்பினேன்: கோளாறு வண்டியில்தான். சரி செய்தாகிவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

கரண்ட் பில் கட்டினேன். கருவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன். ரங்கன் வந்தான். புதுத் துப்பாக்கியில் இப்போது கை பழகிவிட்டது அவனுக்கு. புது சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பளிச்சென்று ஆக்கச் சொன்னேன். பழைய அழுக்கு நடுவே புதுப் பொருள் இருந்தால் கண்ணை உறுத்துகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடியும் முள் விழுந்தது. இந்த முறை மலை அடிவாரத்துக்கு முன்பே, வடவள்ளி தாண்டுவதற்குள்ளேயே. வசந்தாமணி தன் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்தவள், கோயில் வாசல் வரை விடவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

சர்வீஸ் சென்டர். காலையிலிருந்து மதியம் வரை சோதித்தார்கள். முள் அசையாமல் நின்றது. என் பக்கத்தில் ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்துகொண்டு, அவினாசி ரோட்டில் என்னை ஓட்டச் சொல்லி என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு பெண்ணின் பாதங்களை இவ்வளவு நேரம் பார்ப்பது மரியாதை அல்ல என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அட்டை மாட்டிய இளைஞன் கடைசியில் தீர்ப்பு சொன்னான். "சென்சார் புதுசு. ஒயரும் ஓகே மேம். அப்ப யூசேஜ் பிராப்ளம்தான்."

"அப்படின்னா?"

"சில சீனியர் சிட்டிசன்ஸ் லெஃப்ட் லெக்ல பிரேக்கையும் ரைட் லெக்ல ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிச்சிருவாங்க மேம். அவங்களுக்கே தெரியாது."

"ஆக்ஸிலரேட்டர். நடுவுல ஒரு 'ர' இருக்கு. அது உங்களுக்கே தெரியலை."

அவன் சிரித்துக்கொண்டே அதை வேலைச்சீட்டில் எழுதிவிட்டான். அந்தச் சீட்டு, வண்டி வாங்கியபோது பதிவு செய்த எண்ணுக்குப் போகும். அது தியாகுவின் எண். மாலை நான்கு மணிக்கு அவன் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னேன். நான் நான்கு மணிக்குக் குளிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வண்டியை வெளியே எடுக்கவில்லை. போர்ட்டிகோவிலேயே உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வலது கால் பிரேக். வலது கால் ஆக்ஸிலரேட்டர். இடது கால் சும்மா.

இடது கால் சும்மாதான் இருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

ரங்கன் வந்தான். கழுவினான். மூலைகளை நானே நின்று காட்டினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று மோசம். வடவள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முள் விழுந்தது. அணைத்துக் கிளப்பினால் சரியாகும் என்ற நம்பிக்கையும் போயிற்று. மூன்றாவது கியரிலேயே வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பின்னால் ஒரு பஸ் என் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வெயில்.

வசந்தாமணி இறங்கி ஆட்டோவில் போய்விட்டாள். சாயந்தரம் ஒரு எலுமிச்சம்பழத்துடன் வந்தாள்.

"ஏனுங்க்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையானா மட்டும்தான் இப்படி ஆகுது. திங்கக்கிழமை கொண்டுபோனா ஒண்ணுமில்லீங்கறாங்க. இது மெஷின் கோளாறு இல்லீங்க்கா. நஞ்சப்பண்ணந்தான். பொம்பளை வண்டி ஓட்டறது அவருக்கு எப்பவும் புடிக்காது பாருங்க."

"உயிரோட இருந்தப்பவும் புடிக்காதுதான். அப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. மஞ்ச லைட்டெல்லாம் எரியாது."

அவள் போனதும் பழத்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரவு படுக்கப் போகுமுன் எடுத்து முன் சக்கரத்தின் அடியில் வைத்தேன். ஃப்ரிட்ஜில் இடம் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

தடாகம் ரோட்டில் ஹக்கீம் என்பவர் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கிறார். வாய் ஓயாதவர். கோவையில் ஓடும் பாதி வண்டிகள் தன் கையால்தான் ஓடுகின்றன என்று நான் உட்காருவதற்குள் தெரிந்துவிட்டது.

"இதுக்குப் போய் ரெண்டு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனீங்களாம்மா? எர்த்து ஒயரு லூசுங்க. பார்த்ததுமே தெரியுது." தடிமனான ஒரு ஒயரை மாற்றினார். பேட்டரி முனையைச் சுரண்டினார். "இனிமே இந்த வண்டி பிரச்சினை பண்ணுச்சுன்னா நான் மீசையை எடுத்துர்றேன்."

"வெள்ளிக்கிழமைதான் பண்ணுது, ஹக்கீம்."

"கிழமை பார்த்து வர்றதுக்கு அதென்னங்கம்மா, விரதமா?"

"உங்களுக்கு விளங்கலைன்னா விளங்கலைன்னு சொல்லுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "செரீங்க. வெள்ளிக்கிழமை காலையில கொண்டு வாங்க. நானே ஓட்டிப் பார்க்கறேன். தொழுகைக்கு முன்னாடி அனுப்பிருவேன்."

நல்லது. வெள்ளிக்கிழமை அந்த வண்டி என்ன செய்கிறது என்று இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

ரங்கன் வரவில்லை. அன்னூரில் பேத்திக்குக் காதுகுத்து. முன்கூட்டியே சொன்னதாகச் சொல்கிறான், எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாத விஷயங்கள் பொதுவாக நடக்காதவை. எதிர்வீட்டில் சிமென்ட் வேலை நடப்பதால் கார் முழுக்கத் தூசி. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். பார்க்கச் சகிக்கவில்லை. இந்த லட்சணத்தில் நாளைக்கு ஒரு வேற்று மனிதர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

செப்டம்பர் 27, வெள்ளி

அழுக்கு வண்டியோடு போனேன். வெட்கமாக இருந்தது. ஹக்கீம் ஓட்டினார், நான் பக்கத்தில், வசந்தாமணி பின்னால். மருதமலை ஏறினோம். இறங்கினோம். மறுபடி ஏறினோம். முள் ஒரு முறைகூட விழவில்லை.

"தண்ணி மாதிரி போகுது பாருங்கம்மா" என்றார் ஹக்கீம். எர்த்து ஒயர் வேலை செய்கிறதாம்.

"எலுமிச்சம்பழமுங்க" என்றாள் வசந்தாமணி.

இரண்டையும் நான் நம்பவில்லை.

தியாகுவுக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. "நல்லதும்மா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற ஆள் ஓட்டினா வண்டி நல்லாத்தான் போகுது, இல்லீங்களா?" என்றான்.

அவன் சின்ன வயதில் கணக்கில் தப்புச் செய்தால் நான் இதே குரலில்தான் கேட்பேன். எங்கே கற்றுக்கொண்டான் என்று இப்போது தெரிகிறது.

அக்டோபர் 3, வியாழன்

ரங்கன் வந்தான். இரண்டு வார அழுக்கு என்பதால் இரண்டு மடங்கு நேரம் கழுவ வைத்தேன். "குளிப்பாட்டியாச்சுங்கம்மா" என்றான். இன்ஜினைப் பார்த்ததும் மனசு நிறைந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

தனியாகப் போனேன். அடிவாரத்திலேயே நின்று முருகனைக் கும்பிட்டேன். அங்கிருந்தும் கேட்பார்.

வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. சாலையில் கூட்டம்.

வண்டியைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 9, புதன்

தியாகு வந்துவிட்டான். வந்ததும் பையைக்கூட இறக்காமல் காரைச் சுற்றி வந்து, எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சாப்பிடும்போது சொன்னான். அவனோடு படித்தவனின் தம்பிக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமாம். சனிக்கிழமை பார்க்க வருகிறான்.

"நீ இன்னும் முடிவே பண்ணலையே?"

"வர்றவன் சும்மா பார்த்துட்டுப் போகட்டுமேம்மா."

"பொண்ணு பார்க்க வர்றவங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க."

வாயில் இருந்த ரசம் புரையேறியது அவனுக்கு. தலையில் தட்டிக் கொடுத்தேன். தலையில் முடி குறைந்திருக்கிறது.

ஒப்பந்தம் இதுதான். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை முடிந்ததும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் மருதமலை ஓட்டிக் காட்ட வேண்டும். தடுமாறினால் சாவி அவன் கைக்குப் போகும். ஏரி தெரியும் அறைக்கு நான் போவேன்.

இரவு சரியாகத் தூங்கவில்லை. புதுத் தலையணை உறை முரடு.

அக்டோபர் 10, வியாழன்

தியாகு எனக்கு ஒரு பரிசு வாங்கி வந்திருக்கிறான். தண்ணீரை அழுத்திப் பாய்ச்சும் மோட்டார். என் துப்பாக்கி இதற்கு முன்னால் குழந்தைப் பொம்மை. ஆயுத பூஜைக்கு அப்பாவோடு சேர்ந்து வண்டி கழுவிய ஞாபகத்தில், இந்த முறை தானே கழுவுவதாகச் சொல்லி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான். ரங்கன் ஓரமாக நின்றான்.

"சின்னவரே, அதை இன்ஜினுக்குள்ள அடிச்சா…" என்று ஆரம்பித்தான் ரங்கன்.

"அப்பா எப்படிக் கழுவுவாருன்னு எனக்குத் தெரியும் ரங்கா. சோறு போட்டுச் சாப்பிடலாம், இல்லீங்களாம்மா?"

"அந்த மூலை விட்டுப்போச்சு" என்றேன்.

பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. நஞ்சப்பன்கூட இப்படிக் கழுவியதில்லை. தியாகு நனைந்த சட்டையோடு நின்று சிரித்தபோது அவர் ஜாடை அப்படியே தெரிந்தது. வண்டியை விற்பதற்கு முன்னால் இத்தனை அன்பாகக் குளிப்பாட்டுகிறான். பலியிடும் ஆட்டையும் குளிப்பாட்டித்தான் கூட்டிப்போவார்கள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அரிவாள்மனை, தையல் மெஷின், கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி, சுண்டல். வசந்தாமணி நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் வைத்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன். தியாகு பக்கத்தில். அவள் பின்னால் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அடிவாரம் வரை ஒன்றும் இல்லை. என் கால் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. தியாகு அதைத்தான் பார்த்தான். முள்ளை அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அது துடித்துக்கொண்டிருந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் நானாகவே ஓரங்கட்டினேன்.

"என்னம்மா?"

"நீயே ஓட்டு."

"எதுக்கு?"

"வேற ஆள் ஓட்டினா நல்லாப் போகுதுன்னு சொன்னியே. எனக்கும் பார்க்கணும்."

இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று தியாகு இப்போது சொல்கிறான். எனக்குத் தோள்பட்டை வலித்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வளைவில் முள் விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இரைந்தது, இழுக்கவில்லை. பூஜை நாள், மலை முழுக்க வண்டிகள். பின்னால் ஹாரன்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. "அங்கிள், ஏறத் தெரியாட்டி ஏன் அங்கிள் வர்றீங்க?" என்று ஒருவன் கத்தினான்.

நான் தியாகுவின் கால்களைப் பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரில். இடது கால் பிரேக்கில். இரண்டும் சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தன.

"இடது காலை எடு" என்றேன்.

எடுத்தான்.

"ஓரமா நிறுத்து. அணை. கொஞ்சம் பொறு. இப்பக் கிளப்பு."

கிளப்பினான். முள் எழவில்லை. மறுபடி செய்தோம். எழவில்லை. வசந்தாமணி பின்னால் இருந்து, "தம்பி ஓட்டினாலுமா நஞ்சப்பண்ணனுக்குப் புடிக்கலை?" என்றாள். நான் இறங்கி ஓட்டுநர் பக்கம் போனேன். அவன் நகர்ந்து உட்கார்ந்தான். மூன்றாவது கியரிலேயே, ஆட்களை விட்டு மற்ற வண்டிகளை நிறுத்தச் சொல்லித் திருப்பி, வீடு வரை நான்தான் ஓட்டி வந்தேன். நொண்டி வண்டியை எப்படி ஓட்டுவது என்று எனக்குப் பழகியிருக்கிறது. எப்படிப் பழகியது என்று தியாகு கேட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி குறுக்கே வந்தது.

மூன்று மணிக்கு ஹக்கீம் வந்தார். அவருடைய பட்டறையிலும் பையன்கள் பூஜை போட்டிருக்கிறார்கள். சட்டையில் சந்தனம் ஒட்டியிருந்தது. மீசை அப்படியே இருந்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை. கையடக்கக் கணினியை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். உள்ளே கையை விட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரை லேசாக ஆட்டினார். முள் எழுந்தது. விட்டார். விழுந்தது. ஆட்டினார். எழுந்தது.

"சென்சார் இல்லீங்க. அதுக்குப் போற பிளக்கு. புது சென்சாரைப் பழைய பிளக்குலயே மாட்டி வெச்சிருக்காங்க."

"அப்ப இன்ஜின் ஏன் நிக்கலை?" என்றான் தியாகு.

"இன்ஜினுக்கு இன்னொரு சென்சார் இருக்குங்க, அதை வெச்சுச் சமாளிச்சுக்கும். கியர்பாக்ஸுக்கு வேகம் சொல்றது இது ஒண்ணுதான்."

பிளக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தார். உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. உள்ளே பித்தளை ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. ஓரத்து ரப்பர் கிழிந்திருந்தது.

"யாருங்க இன்ஜினுக்குத் தண்ணி அடிச்சது?"

எதிர்வீட்டு சிமென்ட் மெஷின் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

"நான்தாங்க" என்றான் தியாகு. "நேத்து."

"நேத்து அடிச்ச தண்ணிதான் இது. ஆனா இந்தப் பச்சை நேத்துப் பூத்தது இல்லீங்க. ஒரு மாசமாச்சும் ஆகியிருக்கும். நனையும், ரெண்டு நாள்ல சூட்டுல காயும், மறுபடி நனையும். காஞ்சப்ப எங்ககிட்டக் கொண்டு வந்தா நாங்க என்னத்தைக் கண்டுபிடிக்கறது? வாரம் தவறாம யாரோ…"

"ஹக்கீம், பொரி எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தோட்டக் குழாயில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். வாய் ஓயாத மனிதர் சற்று நேரம் பொரியை மென்றார்.

"மழைத் தண்ணியாவும் இருக்கலாமுங்க" என்றார்.

போன மாதம் முழுக்க நம் பக்கம் சரியான மழையே இல்லை. ஒரு தொழில்காரர் பேசும்போது நான் குறுக்கிடுவதில்லை.

அக்டோபர் 12, சனி

புது பிளக்கு, புது ரப்பர். மருதமலை போய் வந்தோம், நான் ஓட்டினேன். முள் நின்றது.

கோளாறு வண்டியில்தான். ஒப்பந்தப்படி நான் இங்கேயே இருக்கிறேன். வண்டி பார்க்க வந்தவனை தியாகுவே வாசலில் நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பிவிட்டான்.

கிளம்பும்போது, "சாரிம்மா, நான்தான் அவ்வளவு தண்ணி அடிச்சு முழுசா நிறுத்திட்டேன்" என்றான்.

"பரவாயில்லை. தெரியாமப் பண்ணின தப்பு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்பா ஜாடை மறைந்து, என் ஜாடை வந்ததுபோல் இருந்தது. "ஆமாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். இடது காலை இரண்டு முறை தொட்டான் என்று நினைக்கிறேன். சிரித்தானோ என்னவோ.

தண்ணீர் மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அக்டோபர் 17, வியாழன்

ரங்கன் வந்ததும் பானெட்டைத் திறக்கப் போனான்.

"வேண்டாம். இனிமே மேல மட்டும். ஈரத்துணி போதும்."

"ஏனுங்கம்மா? அய்யா காலத்துல இருந்து…"

"அய்யா வாளியும் துணியும் வெச்சுத் துடைச்சது இரும்பு வண்டி. இது கணினி வண்டி."

துணியைப் பிழிந்தான். பிழிந்துகொண்டே, "அப்ப இத்தனை நாளா நம்ம அடிச்ச தண்ணியிலதானுங்களா…" என்றான்.

"சின்னவர் அடிச்ச தண்ணியில" என்றேன்.

"செரீங்க" என்றான். வாளிக்குள் குனிந்து வெகுநேரம் எதையோ தேடினான்.

துப்பாக்கியைக் கழற்றி வைத்திருக்கிறேன். கருவேப்பிலைச் செடிக்கும் அது வேகம் அதிகம்.

தீபாவளிக்கு ரங்கனுக்கு இந்த முறை சட்டையோடு வேட்டியும் எடுக்க வேண்டும். போன வருடமே நினைத்தது.

அக்டோபர் 18, வெள்ளி

சந்தனப் பொட்டு வைக்கும்போது பானெட்டின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தேன். தூசி படிய ஆரம்பித்திருக்கிறது. எதிர்வீட்டு சிமென்ட். மூலைகளில்தான் அதிகம். கை தானாகத் துணியைத் தேடியது. துணியை உள்ளே வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

வசந்தாமணி வந்தாள். இன்று கதவுக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. வளைவுகளில் நான் முள்ளைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டி என்று யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கார்களை முந்தினேன்.

மேலே நிறுத்தியதும் அவள் பெருமூச்சு விட்டாள்.

"பாத்தீங்களாக்கா, நான்தான் சொன்னேனே. நஞ்சப்பண்ணன் வண்டியை விட்டு இறங்கிட்டாரு."

"தானா எங்க இறங்கினாரு" என்றேன். "நான்தான் இறக்கி விட்டேன்."

பஞ்சாமிர்தத்தில் பாதி அவளுக்குக் கொடுத்தேன்.